உப்புத் தண்ணீரில் குளித்த கார்

போன வாரம் தோழி ஒருத்தி செல்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். எந்த ஊர் என்று தெரியவில்லை. ஒரு தோட்டத்தில் பழைய வெளிநாட்டுக் கார் ஒன்று நின்று நின்று மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தது. கண்ணாடி போன சன்னல் வழியாக ஒரு கொடி உள்ளே நுழைந்து மறுபக்கம் வந்து பூத்திருந்தது. கீழே ஏகப்பட்ட பேர் என்ன அழகு, என்ன அழகு என்று உருகியிருந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு கார் அந்தக் கதிக்கு வருவதற்கு எத்தனை பேர் எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே ஒன்று அப்படி நின்றது.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. தாத்தா அந்தக் காரைப் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கினாராம். அவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது கப்பலில் ஏற்ற முடியாமல் விட்டுப்போன வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். முன் கதவு மற்ற கார்களின் கதவுக்கு நேர் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். அதன் பெயரை எங்கள் தெருவில் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பிரெஞ்சு வண்டி என்றால் போதும், முதுநகர் முழுக்கத் தெரியும். திருவந்திபுரத்தில் தாலி கட்டிக்கொண்டு வரும் எங்கள் தெரு ஜோடிகளை அதில்தான் தாத்தா அழைத்து வருவார். ஸ்டியரிங்கை வேறு யாரையும் தொட விடமாட்டார். அம்மா கல்யாணமாகி வந்ததும் அதில்தான். கெடிலம் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றுபோக, அப்பா மாலையும் கழுத்துமாக இறங்கி, பெரியப்பாவோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தாராம். பின்சீட்டில் புதுப்பெண் அம்மா ஒருத்திதான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாளாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார்.

நான் பிறப்பதற்கு முன்பே தாத்தா போய்விட்டார். அதற்குப் பிறகு பாகப்பிரிவினை நடந்தது. முதுநகர் வீடும் தோட்டமும் அப்பாவுக்கு. புவனகிரிப் பக்கத்து நிலமும் சிதம்பரம் தெற்கு வீதியில் இருந்த கடையும் பெரியப்பாவுக்கு. நடுவில் ஏதோ ஒரு மனைக்கட்டு, யாரோ சொன்ன ஒரு வார்த்தை, அதற்கு யாரோ சொன்ன பதில் வார்த்தை. அது என்னவென்று எனக்குக் கடைசிவரை முழுசாகச் சொல்லப்படவில்லை. எல்லாவற்றையும் பிரித்த பிறகு கார் மட்டும் மிஞ்சியது. அண்ணனுக்குக் கொடுத்தால் தம்பி முறைத்தார், தம்பிக்குக் கொடுத்தால் அண்ணன் முறைத்தார். பஞ்சாயத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். வண்டி தம்பி வீட்டுத் தோட்டத்திலேயே நிற்கட்டும், சாவி அண்ணன் கையில் இருக்கட்டும். ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தர் எடுக்க முடியாதல்லவா என்றார். எல்லோரும் ஆகா என்றார்கள். அவரை இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் புத்திசாலி என்றுதான் சொல்கிறார்கள்.

அதோடு அண்ணன் தம்பிக்குள் போக்குவரத்து நின்றது. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். ஆனாலும் பெரியப்பா எங்கள் வாசலை மிதிப்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஆயுத பூசை அன்று. வண்டிக்குப் பூசை போட வேண்டும், சாவி அவரிடம் இருக்கிறது, அதனால் வந்துதான் ஆக வேண்டும்.

காலையில் முதல் பஸ்ஸுக்கே வந்து மணிக்கூண்டில் இறங்கிவிடுவார். கையில் ஒரு பெரிய பை. அதில் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், மாலை, பொரி எல்லாம் இருக்கும். கடலூரில் பூசணிக்காயே விளையாததுபோல அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு வருவார். வீட்டுக்குள் வரமாட்டார். பக்கவாட்டுச் சந்து வழியாக நேராகத் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்குப் போய், சாவியால் வண்டிக் கதவைத் திறந்து, சட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டுவார். அப்பா போர் மோட்டாரைப் போட்டுக் குழாயை இழுத்து வருவார். அண்ணன் தேய்க்க, தம்பி தண்ணீர் அடிக்க, கல்யாணப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாதிரி கூரையிலிருந்து சக்கரம் வரை குளிப்பாட்டுவார்கள்.

வண்டியைப் பற்றி மட்டும் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வார்கள். "அந்தப் பக்கம் அடிடா", "டயர்ல காத்தே இல்லண்ணா" என்கிற அளவில் பேச்சு இருக்கும். மற்ற விஷயங்களுக்கெல்லாம் நான்தான் தபால்காரி.

"பாப்பா, உங்கப்பன் சக்கர மாத்திரய ஒழுங்கா போடுறானா, இல்லியா?" என்பார் பெரியப்பா. அப்பா இரண்டடி தள்ளித்தான் நிற்பார்.

"போட்டுக்கிட்டுதான் இருக்காருன்னு சொல்லு. உங்க பெரியப்பாவுக்கு முட்டி வலி எப்பிடி இருக்குதுன்னு கேளு" என்பார் அப்பா.

நானும் ஒரு வார்த்தை விடாமல் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே சொல்லுவேன். இருவருக்கும் காது கேட்காது என்று நினைக்குமளவுக்கு நான் முட்டாள் இல்லை. பெரியவர்கள் விளையாடுகிற ஏதோ ஒரு விளையாட்டு, அதில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று பெருமையாகத்தான் இருந்தது.

குளிப்பாட்டி முடிந்ததும் சந்தனம், குங்குமம், மாலை. அப்புறம்தான் பெரிய வேலை. வண்டிப் பூசை என்றால் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டுமே. எங்கள் வண்டி ஓடி நான் பார்த்ததில்லை. அதனால் அண்ணனும் தம்பியும் பின்னால் போய்த் தோளோடு தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். எதிர்வீட்டு ஆட்களும் வந்து கை கொடுப்பார்கள். வண்டி ஒரு சாண் நகர்ந்து பழம் பொத்தென்று நசுங்கும். எல்லோரும் கை தட்டுவோம். அதன் பிறகு பெரியப்பா கை கழுவிக்கொண்டு, அம்மா திண்ணையில் போட்ட இலையில் உட்கார்ந்து, சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் இரண்டு தடவை சாதம் வாங்கிச் சாப்பிடுவார். மூன்று மணிப் பஸ்ஸில் சாவியோடு கிளம்பிவிடுவார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். அரைக்கால் சட்டை, தாடி. பழைய கார்களைத் தேடி வாங்கி, பிரித்து மேய்ந்து, மறுபடி ஓட வைப்பதுதான் அவருக்குத் தொழில், பொழுதுபோக்கு எல்லாமே. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருந்தார். கொட்டகைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் படுத்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்தபோது முகம் வாடிப்போயிருந்தது. எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். அப்பா குழாயைக் காட்டினார். அவர் ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு சார். கடக்காத்து ஒரு பக்கம் அரிச்சிருக்குது, நீங்க ஒரு பக்கம். குளிப்பாட்டுனதுக்கு சும்மா வுட்டிருந்தாகூட இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்."

முதுநகர்த் தண்ணீர் உப்பு என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன? குடிக்கிற தண்ணீரை நாங்கள் குடத்தில்தான் பிடித்து வருவோம். ஆனால் காருக்கு நாக்கு இருக்கிறதா என்று யாரும் யோசிக்கவில்லை. அப்பா குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதே கொடுத்தால் எப்படியாவது காப்பாற்றி ஓட்டிக்காட்டுகிறேன், வேறு யாருக்கும் விற்க மாட்டேன், நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார் வந்தவர். கிளம்பும்போது என்னிடம், வண்டி ஓட ஆரம்பித்ததும் புதுச்சேரி பீச் ரோட்டில் என்னை ஒரு சுற்று அழைத்துப்போவதாக வாக்குக் கொடுத்தார். அன்றைக்கே நான் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அப்பா பிடி கொடுக்கவில்லை. "எனக்கொண்ணும் இல்லீங்க. அண்ணன் சரின்னா சரி" என்றார். அந்த மனிதர் அங்கிருந்தே சிதம்பரத்துக்குப் போனார். பெரியப்பா காபியெல்லாம் வாங்கிக் கொடுத்து, ஒரு மணி நேரம் வண்டியின் பெருமையைப் பேசிவிட்டு, தம்பி வீட்டில் நிற்கிற வண்டி, அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அனுப்பிவிட்டார். அவர் திரும்ப எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் வாயால் சரி என்று சொன்னாரா என்று அப்பா கேட்டார். இல்லை என்றார். அப்படியானால் நான் எப்படிச் சொல்லுவது என்றார் அப்பா. இப்படியே சில மாதம் அந்த மனிதரை இரண்டு ஊருக்கும் நடுவே பந்தாடினார்கள். அண்ணனுக்குத் தம்பி கொடுத்த மரியாதையும் தம்பிக்கு அண்ணன் கொடுத்த மரியாதையும் அந்தச் சில மாதத்தில் பொங்கி வழிந்தன. அம்மாவுக்கே ஆச்சரியம். இந்த மரியாதை பாகம் பிரிக்கும்போது எங்கே போயிருந்தது என்று அடுப்படியில் முணுமுணுத்தாள்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆயுத பூசை அன்று இருவரும் ஒரே இடத்தில் இருப்பார்களே, அன்றைக்கு வருகிறேன் என்றார். சொன்னபடியே வந்தார், வண்டியை ஏற்றிப்போக ஒரு சின்ன லாரியையும் கூட்டிக்கொண்டு.

அன்றைக்கு நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போர்த் தண்ணீர் வேண்டாம் என்று அப்பா விடியற்காலையிலேயே குடம் குடமாக நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். பெரியப்பா வந்து குடங்களைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அவருக்கும் அந்த மனிதர் சொல்லியிருப்பார் போல. இருவரும் துணியை நனைத்து நனைத்து, சத்தமில்லாமல் மெதுவாகத் துடைத்தார்கள். கதவின் கீழ்ப்பக்கத்தைப் பெரியப்பா துடைத்தபோது, துணியோடு இரும்பே செதில் செதிலாக உதிர்ந்து வந்தது. அவர் அதைக் கீழே போடாமல் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டார். பிறகு இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டார்.

பழம் நசுக்குகிற நேரம் வந்தது. இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள், லாரி டிரைவரும் வந்தார். வண்டி அசையவில்லை. சக்கரம் துருவேறி இறுகிவிட்டது. இன்னும் பலமாகத் தள்ளினால் உடம்பே தனியாகக் கழன்று வந்துவிடும் என்று புதுச்சேரிக்காரர் பதறினார். பெரியப்பா குனிந்து, டயருக்கு அடியில் இருந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் குதிகாலால் நசுக்கினார். யாரும் கை தட்டவில்லை.

பூசணிக்காய் உடைத்தாயிற்று. பொரி கடலை கொடுத்தாயிற்று. வேட்டி நுனியால் முகம் துடைத்துக்கொண்டிருந்த இருவரையும் பார்த்து, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார் புதுச்சேரிக்காரர்.

"தம்பி சொல்லட்டும்" என்றார் பெரியப்பா.

"அண்ணன் இருக்கும்போது நான் என்னாத்த சொல்றது?" என்றார் அப்பா.

அவர் மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில்கள், இடம் மாறி வந்தன. லாரி டிரைவர் பீடி குடிக்கத் தெருவுக்குப் போய்விட்டார். புதுச்சேரிக்காரர் பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லு பாப்பா" என்றார் பாதி விளையாட்டாக.

"எடுத்துட்டுப் போங்க அங்கிள்!" என்று கத்தினேன்.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருவருக்கும் முகம் ஒன்றுபோல இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இன்றைக்கு நாள் சரியில்லை, அடுத்த வருஷப் பூசை ஆகட்டும், பார்க்கலாம் என்றார். அப்பா அவர் முடிப்பதற்குள்ளேயே, ஆமாம், அண்ணன் சொல்வதுதான் சரி, அடுத்த பூசைக்குப் பார்க்கலாம் என்றார். ஆயுத பூசையே நல்ல நாள் இல்லை என்றால் வேறு எது நல்ல நாள் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"அடுத்த வருசத்துக்கு இது இருக்காதுங்க" என்றார் புதுச்சேரிக்காரர். கோபமாகச் சொல்லவில்லை. வண்டியின் கூரையை ஒரு தடவை தடவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். காலி லாரி தெருமுனையில் திரும்பியபோது நான் அழுதேன். பீச் ரோடு போயிற்றே என்கிற அழுகை. எனக்கு அன்றைக்கு வேறு கவலை எதுவும் கிடையாது. ஆனால் அப்பாவும் பெரியப்பாவும் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பெரியப்பா மூன்று மணிப் பஸ்ஸை விட்டுவிட்டு ஐந்து மணிப் பஸ்ஸுக்குத்தான் போனார்.

அந்த வருஷக் கடைசியில்தான் ‘தானே’ புயல் வந்தது. கடலூரில் அன்றைக்கு இருந்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. எங்கள் தோட்டத்து வாதாமரம் கொட்டகை மேல் விழுந்து, கொட்டகை கார் மேல் விழுந்தது. மரத்தின் கிளை விழுந்த இடத்தில் வண்டி நசுங்கிய விதத்தைப் பார்த்தால், அது இரும்பு என்றே சொல்ல முடியாது. உப்பு அவ்வளவு தின்றிருந்தது.

கரண்டு இல்லை, போன் இல்லை. சில நாள் கழித்துப் பெரியப்பா கடையில் வேலை பார்ப்பவர் மெழுகுவத்தியும் பால்பவுடரும் எடுத்துக்கொண்டு சைக்கிளிலும் லாரியிலுமாக வந்து சேர்ந்தார். பெரியப்பாவின் கடைக்கூரையும் போய்விட்டதாம், அதனால் அவர் வர முடியவில்லையாம். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்துவரச் சொன்னாராம்.

"வண்டி போச்சுன்னு சொல்லு. நாங்க நல்லா இருக்கோம்" என்றார் அப்பா.

பழைய இரும்பு எடுப்பவரை அப்பா உடனே கூப்பிடவில்லை. பொங்கல் போய், வெயில் காலம் வரும்வரை மரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வண்டியை அப்படியே விட்டுவைத்தார். அண்ணன் வந்து ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று அம்மாவிடம் சொன்னாராம். வந்து பார் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாரா என்றால், இல்லை. பெரியப்பாவும், நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டு ஆள் அனுப்பவில்லை. ஒருநாள் பாம்பு வந்துவிட்டது என்று அம்மா சத்தம் போட்டதும் பழைய இரும்புக்காரர்கள் வந்தார்கள். கதவைத் திறக்க அவர்களுக்குச் சாவி தேவைப்படவில்லை. மிஷின் வைத்துத் துண்டு துண்டாக வெட்டி மத்தியானத்துக்குள் ஏற்றிவிட்டார்கள்.

பெரியப்பா இப்போது இல்லை. அதற்குப் பிறகு அவரும் அப்பாவும் கல்யாணங்களில் பார்த்துக்கொண்டார்கள். பந்தியில் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தார்கள். முட்டி வலியைப் பற்றி அவரிடம் கேட்கவும் மாத்திரையைப் பற்றி இவரிடம் கேட்கவும் நடுவில் ஆள் இல்லை. நான் வயசுக்கு வந்து, தபால் வேலையை விட்டு ஒதுங்கிவிட்டிருந்தேன். சிதம்பரத்தில் அவரைக் கிடத்தியிருந்த கூடத்தில் அப்பா அழுத அழுகையைப் பார்த்த பிறகுதான், அந்தப் புதுச்சேரிக்காரரை அவர்கள் ஏன் அப்படி அலைய விட்டார்கள் என்பது எனக்கு உறைத்தது. வண்டி மேல் ஆசை என்று நினைத்திருந்தேன். ஒருவர் மேல் ஒருவர் வைத்த மரியாதை என்றுகூட நினைத்திருந்தேன். வண்டி போய்விட்டால் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவதற்குக் காரணம் இருக்காது. அந்தப் பயம் இருவருக்கும் இருந்திருக்கிறது. வா என்று ஒருவரும், வருகிறேன் என்று மற்றவரும் சொல்லியிருந்தால் கார் இன்றைக்கும் பீச் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வண்டி போன பிறகு வந்த முதல் ஆயுத பூசையை. கொட்டகை இருந்த இடத்தை அப்பா சமன் செய்து கொடுத்திருந்தார். நான் சுண்ணாம்பால் கோடு போட்டு, கயிறு கட்டி, இறகுப்பந்து ஆடத் தயார் செய்து வைத்திருந்தேன். அன்றைக்குக் காலை அப்பா தன் மொபெட்டை நல்ல தண்ணீரில் கழுவிப் பொட்டு வைத்தார். அம்மா வழக்கத்தைவிடக் கூடுதலாக உலை வைத்தாள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலுக்கும் தோட்டத்துக்குமாக நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மணிக்கூண்டு வரைக்கும் போய், சிதம்பரம் பஸ்ஸில் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

போனேன். ஒரு பஸ் வந்தது, அடுத்த பஸ்ஸும் வந்தது. பூசணிக்காய்ப் பையோடு யாரும் இறங்கவில்லை. பந்தாட நேரமாகிறதே என்று ஓட்டமாகத் திரும்பி வந்தேன்.

"யாரும் வரலப்பா" என்று வாசலிலிருந்தே சந்தோஷமாகக் கத்தினேன். அப்பா தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரியவில்லையோ என்று நினைத்து நானே விளக்கமும் சொன்னேன். "வண்டிதான் இல்லியே, பெரியப்பா எதுக்குப்பா வரணும்?"

"ஆமால்ல" என்றார் அப்பா.

எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். தோட்டம் அவ்வளவு பெரிசாக இருந்தது.